எச்டிஎம்எல் ஆரம்பப் பாடம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

சார், தமிழில் ஒரு இணையப் பக்கம் எழுதினேன். என் கணினியில் நன்றாகத்தான் இருந்தது. சர்வரில் ஏற்றியதும் வெறும் கிறுக்கல். ஃபான்ட் பிரச்சினையா?

ஃபான்ட் இல்லையென்றால் கட்டம் கட்டமாக வரும். உங்களுக்கு வருவது தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ', பக்கத்திலேயே வட்டத்துக்குள் 'ஆர்', இதே ஜோடி திரும்பத் திரும்ப, சரியா? அப்படியென்றால் கோளாறு என்கோடிங்கில், அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையில். யூடிஎஃப்-8 என்ற என்கோடிங் முறையில் 'க' என்பது 3 பைட், 'கி' என்றால் குறியும் சேர்ந்து 6. பிரவுசருக்கு இது தெரியாததால் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகக் காட்டுகிறது. ஹெட் பகுதியின் முதல் வரியிலேயே மெட்டா டேக் போட்டு, சார்செட் யூடிஎஃப்-8 என்று எழுதிவிடுங்கள். கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் அது வந்தாக வேண்டும் என்பது விதி. டைட்டிலுக்கு முன்னால் வைத்தால் கவலையில்லை. கோப்பைச் சேமிக்கும்போதும் யூடிஎஃப்-8 தானா என்று ஒரு பார்வை பாருங்கள்.

அண்ணா, எச்1 தலைப்பு டேக் ரொம்பப் பெரிதாக இருக்கிறது. எச்4 அளவு கச்சிதம். நேரே எச்4 போடலாமா?

வேண்டாம். அந்த எண் எழுத்தின் அளவு அல்ல, தலைப்பின் படிநிலை. பக்கத்தின் தலைப்பு எச்1, அதற்குள் வரும் பகுதிகள் எச்2, அவற்றின் உட்பிரிவு எச்3. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் என்விடிஏ மென்பொருளில் எச் விசையைத் தட்டினால் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம், 2 என்று தட்டினால் அடுத்த எச்2. உங்கள் பக்கம் எச்4-இல் தொடங்கினால் மேலே எதையோ விட்டுவிட்டோம் என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். எழுத்து சிறிதாக வேண்டுமா, தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் ஃபான்ட் சைஸைக் குறையுங்கள்.

எது என்ன என்று சொல்வது எச்டிஎம்எல் வேலை, எப்படித் தெரிய வேண்டும் என்பது சிஎஸ்எஸ் வேலை. தோற்றத்துக்கான ஃபான்ட், சென்டர் டேகுகளை 1997-இல் வந்த எச்டிஎம்எல் 4-லேயே தவிர்க்கச் சொல்லிவிட்டார்கள். இன்னும் சில கோச்சிங் சென்டர் நோட்ஸில் அவை முதல் பாடமாக இருப்பது கொடுமை.

எல்லாவற்றுக்கும் டிவ் போட்டாலும் வேலை செய்கிறதே?

டிவ் என்பது உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாத வெறும் பெட்டி. மவுஸ் வைத்திருப்பவருக்கு வேலை செய்யும். டிவ்வில் செய்த 'பட்டன்' மேல் டேப் விசை நிற்காது, என்டர் தட்டினாலும் அசையாது. பட்டன் டேக் போட்டால் இதெல்லாம் சும்மாவே கிடைக்கிறது.

டேபிள் வைத்து முழுப் பக்கத்தையும் அடுக்கச் சொல்லித்தருகிறார்கள். சரியா?

தொண்ணூறுகளில் வேறு வழியில்லை. இன்று பக்கத்தை அடுக்க சிஎஸ்எஸ்ஸிலேயே ஃபிளெக்ஸ், கிரிட் இருக்கின்றன. மார்க் பட்டியல், பஸ் நேரம் மாதிரி விவரங்களுக்கு டேபிள் தாராளமாகப் போடுங்கள்.

போனில் பார்த்தால் எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது.

பக்கத்தை எந்த அகலத்துக்கு அடுக்க வேண்டும் என்று சொல்லும் வியூபோர்ட் மெட்டா டேக் விட்டுப்போயிருக்கும். அது இல்லாவிட்டால் போன் பிரவுசர்கள் பொதுவாக 980 பிக்சல் அகலத் திரை என்று வைத்துக்கொண்டு பக்கத்தை அடுக்கி, அப்புறம் சுருக்கிக் காட்டும். அந்த டேகில் விட்த் என்பதற்கு டிவைஸ்-விட்த் என்று கொடுங்கள்.

தமிழ்ப் பத்தி மட்டும் நெரிசலாகத் தெரிகிறது. ஆங்கிலம் நன்றாக இருக்கிறதே?

நமக்கு மேலே புள்ளி, கீழே உகரச் சுழி. மேல் வரியின் 'ழு'வும் கீழ் வரியின் 'ம்'மும் இடித்துக்கொள்ளும். பாடி பகுதிக்கு சிஎஸ்எஸ்ஸில் லைன் ஹைட் (வரி உயரம்) 1.7 வைத்துப் பாருங்கள். தலைப்புகளுக்கு 1.4 போதும்.