அப்பா மூன்று தரம் கூப்பிட்டாராம்

மதிப்புக்குரிய உளவள ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 24. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையிலிருந்து உள்ளே போகும் ஒரு வயற்கிராமம் எங்கள் ஊர். மட்டக்களப்பு நகரில் போன் திருத்தும் கடையொன்றில் நான்கு வருடங்களாக வேலை செய்கிறேன். காலையில் மோட்டார் சைக்கிளில் மண்முனைப் பாலம் கடந்து போனால், இரவு எட்டு மணிக்குத்தான் வீடு. போகும் வழியிலும் வரும் வழியிலும் கடையிலுமாக ஒரு நாளில் ஒன்பது பத்து மணித்தியாலம் என் காதில் ஹெட்செட் இருக்கும். போனின் பலகையில் மயிரிழை இடைவெளியில் ஈயம் வைக்கும்போது கை ஆடாமல் இருக்க எனக்கு ஒரு தாளம் வேண்டும். அது கொரியப் பாட்டாக இருக்கலாம், கனடாவிலோ மலேசியாவிலோ வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளின் ராப் பாட்டாக இருக்கலாம், ரஹ்மானின் பழைய பாட்டாகவும் இருக்கலாம். இவற்றில் உயர்ந்தது தாழ்ந்தது என்று நான் பார்ப்பதில்லை.

"பாஷை விளங்காத பாட்டில் அப்படி என்ன இருக்கிறது?" என்று கடைக்கு வருபவர்கள் கேட்பார்கள். இதைப் பற்றி நான் நிறையவே யோசித்திருக்கிறேன். கோயிலில் ஐயர் சொல்லும் மந்திரம் எனக்கு ஒரு வரியும் விளங்காது, ஆனாலும் கேட்டுக்கொண்டு நிற்கும்போது கண் கலங்கியிருக்கிறது. ஒரு பாட்டு மனதுக்குள் வருவதற்குச் சொல் மட்டும்தான் வழி என்று நான் நினைக்கவில்லை. அடி விழ வேண்டிய இடத்தில் விழாமல் நின்று, அடுத்த இடத்தில் அது விழும்போது, நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சறுக்கி எழும்பும். அந்த ஒரு நொடிக்காக ஒரே பாட்டை நூறு தரம் கேட்டிருக்கிறேன். கலியாண வீட்டிலும் சாமத்திய வீட்டிலும் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் அடுக்கி, ஒருவரும் கவனிக்காத பாட்டை ஊர் முழுவதற்கும் போடுவதைவிட, நான் ஒருவன் தனியாக இருந்து ஊன்றிக் கேட்பதுதான் பாட்டுக்குச் செய்யும் மரியாதை என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

என் அப்பா, எங்கள் பகுதியின் பாரம்பரிய ஆட்டமான வடமோடிக் கூத்துக்கு மத்தளம் அடிப்பவர். வயது 58. வயல் வேலை போக மிச்ச நேரமெல்லாம் அவருக்கு மத்தளம்தான். சின்ன வயதில் என்னைக் கூத்தாடும் களரிக்குக் கூப்பிட்டார். இரண்டு நாள் போனேன், சபைக்கு முன்னால் ஆட வெட்கப்பட்டு நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு அவர் வற்புறுத்தவில்லை. எப்போதாவது, "காதுல அடைச்சி வெச்சிரிக்கிற சாமானக் கழட்டு மனே, ஊர்ச்சத்தமும் கொஞ்சம் காதுல விழட்டும்" என்பார். அவ்வளவுதான்.

போன கார்த்திகையில் ஒரு மழை இரவு. அக்காவின் பிள்ளைப்பேற்றுக்காக அம்மா தம்பிலுவிலுக்குப் போயிருந்தார். நான் அறைக்குள், வெளிச்சத்தம் எதுவும் கேட்காதபடி செய்யும் புதிய ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். கிணற்றடியில் வழுக்கி விழுந்த அப்பா என் பெயரைச் சொல்லி மூன்று தரம் கூப்பிட்டாராம். பக்கத்து வளவு மாமா டோர்ச் லைட்டோடு ஓடி வந்து அவரைத் தூக்கி இருத்திவிட்டு, என் அறைக்கு வந்து தோளைத் தொட்ட பிறகுதான் நான் திரும்பினேன். மழையில் நனைந்து சில்லிட்டிருந்த அந்தக் கை இன்னும் என் தோளில் இருப்பதுபோல இருக்கிறது.

அப்பாவுக்கு இடது மணிக்கட்டில் எலும்பு வெடிப்பு. ஆறு கிழமைக்குப் பிளாஸ்டர் போட்டார்கள். தை மாதம் கழற்றியாயிற்று, கை சரியாகிவிட்டது என்று வைத்தியரும் சொல்லிவிட்டார். ஆனால் அப்பா இன்னும் மத்தளத்தைத் தொடவில்லை. வைகாசியில் அரங்கேற்ற வேண்டிய கூத்துக்குச் சட்டம் கொடுத்து, அதாவது ஆட்டக்காரருக்குப் பாத்திரங்களைப் பங்கிட்டு, பழக்கமும் தொடங்கிவிட்டது. அவரோ வேறொரு பெடியனை அடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டுத் திண்ணையில் இருக்கிறார். என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்பா விழுந்த அந்தக் கிழமையே போனில் இருந்த பாட்டுகளையெல்லாம் அழித்துவிட்டு, ஹெட்செட்டை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். 19 நாள் இருந்தேன். கடையில் கை நடுங்கியது, இரவில் தூக்கம் வரவில்லை. இருபதாம் நாள் எடுத்துப் போட்டு, விடியப்புறம் மூன்று மணி வரை கேட்டேன். இப்போது முன்னையைவிடக் கூடுதலாகக் கேட்கிறேன், சத்தத்தையும் கூட்டித்தான் வைக்கிறேன். இது ஒரு நோயா? பாட்டுக் கேட்பதை நான் விட்டுவிட வேண்டுமா?

இன்னொன்று. இதற்கும் மேலே எழுதியதற்கும் தொடர்பில்லை, ஆனாலும் எழுதுகிறேன். போன வருடம் அப்பா முற்றத்தில் தனியாக இருந்து மத்தளம் அடித்ததை அவருக்குத் தெரியாமல் போனில் பதிவு செய்து, இடையில் வந்த அவருடைய இருமலையும் நாய் குரைத்ததையும் வெட்டிவிட்டு, வேகத்தைக் குறைத்து, அடியில் பேஸ் சேர்த்து, 2 நிமிடம் 12 செக்கன் நீளத்தில் ஒரு ட்ராக் செய்தேன். ஒருவருக்கும் போட்டுக் காட்டவில்லை. எல்லாவற்றையும் அழித்த அன்று அதை மட்டும் அழிக்க மனம் வரவில்லை.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

பாட்டை விட வேண்டாம். ஆனால் மோட்டார் சைக்கிளில் ஹெட்செட் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். இது உளவியல் அல்ல, உங்கள் உயிர். மண்முனைப் பாலத்தில் பின்னால் வரும் லொறியின் ஹோர்ன் கேட்காமல் போவதற்கு எந்தப் பாட்டும் ஈடாகாது.

காதைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வளர்ந்தவர் ஒருவர் 80 டெசிபல் அளவில் ஒரு கிழமைக்கு 40 மணித்தியாலம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் எல்லை. சத்தம் 90 டெசிபலுக்கு ஏறினால் அந்த 40 மணித்தியாலம் வெறும் 4 ஆகிவிடும். நாளுக்கு ஒன்பது பத்து மணித்தியாலமென்றால், ஆறு நாளில் 80 டெசிபலில் கேட்டாலும் நீங்கள் எல்லையைத் தாண்டிவிடுகிறீர்கள், இப்போதோ சத்தத்தையும் கூட்டியிருக்கிறீர்கள். அடி விழாமல் நிற்கும் அந்த ஒரு நொடியைப் பிடிக்கத் தெரிந்த காது உங்களுடையது. அதை நாற்பது வயதுக்குள் இழந்துவிடாதீர்கள்.

இது நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை நான் இதற்குப் பயன்படுத்த மாட்டேன். வேலையில் கை நிதானமாக இருப்பதற்கும் மனம் ஓரிடத்தில் நிற்பதற்கும் இசையைத் துணையாகக் கொள்வது மனிதர் எப்போதும் செய்து வந்தது, வயலில் நாற்று நடுகிறவர்களும் பாடித்தான் நட்டார்கள். கார்த்திகைக்கு முன்பு நீங்கள் பாட்டைக் கேட்டது அப்படித்தான். கார்த்திகைக்குப் பிறகு கேட்பது வேறு. அந்த மூன்று கூப்பிடுதல்களும் மறுபடி காதில் விழாமல் இருப்பதற்காகச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பாட்டு அங்கே கேட்கப்படவில்லை, கதவுக்கு முட்டுக்கொடுக்கும் கட்டையாக நிற்கிறது. இடையில் வந்த அந்த 19 நாட்களும் உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொண்ட தண்டனை. உங்களை அமைதிப்படுத்தி வந்த ஒன்றை, மனம் மிகவும் கலங்கியிருந்த வேளையில் ஒரே நாளில் பிடுங்கி எறிந்தால் கை நடுங்காமலும் தூக்கம் கெடாமலும் எப்படி இருக்கும்?

அன்றைய இரவில் உங்கள் பிழை எதுவுமில்லை என்று நான் சொல்லப்போவதில்லை, அப்படிச் சொன்னாலும் நீங்கள் நம்ப மாட்டீர்கள். வீட்டில் அப்பாவும் நீங்களும் மட்டும் இருந்த மழை இரவில், வெளிச்சத்தம் முழுவதையும் மறைத்துக்கொண்டு படுத்தது கவனக்குறைவு. பிழை என்றால் அதற்கு ஒரு முடிவு உண்டு, போய் ஒத்துக்கொள்ளலாம். குற்றவுணர்வுக்குத்தான் முடிவு கிடையாது, நாமாக முடிக்கும் வரை அது நம்மோடு இருந்து தின்னும். உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். பாட்டை அழித்ததை எழுதியிருக்கிறீர்கள், தூக்கம் போனதை எழுதியிருக்கிறீர்கள். அப்பாவிடம் போய் ஒரு சொல் சொன்னதாக ஓரிடத்திலும் இல்லை. நம் வீடுகளில் தகப்பனும் மகனும் மன்னிப்பு என்ற சொல்லைப் பேசிப் பழகியவர்கள் அல்லர். அந்தச் சொல் தேவையும் இல்லை. "அண்டைக்கு நீங்க கூப்பிட்டது எனக்குக் கேக்கல்ல அப்பா, அது மனசுல கிடந்து அரிக்கிது" என்று சொல்ல முடிந்தால் போதும். பின்னேரம் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் கொடுக்கும்போது சொல்லலாம்.

அவருடைய மௌனத்தை நீங்கள் ஒரே வழியில்தான் வாசிக்கிறீர்கள், அதாவது அவர் உங்களைக் குற்றம் சாட்டுகிறார் என்று. இன்னொரு வழியிலும் வாசிக்கலாம். வாழ்நாள் முழுவதும் மத்தளம் அடித்த ஒரு மனிதர், எலும்பு கூடிய பிறகும் அதைத் தொடாமல் இருக்கிறார் என்றால், தொட்டால் பழைய நாதம் வராமல் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு இருக்கக்கூடும். மத்தளத்தில் இடது கைக்குள்ள வேலை உங்களுக்கு நன்றாகத் தெரியும். களரியில் ஆட்டக்காரர் காத்து நிற்க, கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரும் சபையும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கை பிந்திவிட்டால் என்ன செய்வது என்று அவர் நினைத்துக்கொண்டு திண்ணையில் இருக்கலாம். எது சரியென்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கேட்க வேண்டியவர் நீங்கள்தான், ஏனென்றால் அந்த வீட்டில் தாளத்தைப் பற்றி இவ்வளவு ஊன்றி யோசிக்கிற இன்னொருவர் நீங்கள்.

அவர் சொல்லும் "ஊர்ச்சத்தம்" பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கேட்ட இசைதான் மனிதருக்கு வாழ்நாள் முழுவதும் ஆழமாக நினைவில் நிற்கிறது. அப்பாவுக்கு மத்தளம் அப்படி, உங்களுக்குக் கொரியப் பாட்டு அப்படி. மட்டக்களப்பின் ஊர்ச்சத்தம் என்றைக்கும் ஒரே சத்தமாக இருந்ததும் இல்லை. இங்கே வாழும், ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் போர்த்துக்கேயர் காலத்து ஆட்டப்பாட்டை வயலினோடு இன்றைக்கும் வைத்திருக்கிறார்கள். 1970களில் பாடகர் ஏ. ஈ. மனோகரன் போன்றவர்கள் அந்த வழியில் வந்த பைலா ஆட்டத் தாளத்தில் தமிழில் பாடியபோது, இதுவும் ஒரு பாட்டா என்று எங்கள் வீட்டில் வானொலியை நிறுத்தியது எனக்கு நினைவிருக்கிறது. அதே பாட்டுக்கு என் அண்ணன்மார் பிறகு கலியாண வீடுகளில் ஆடினார்கள்.

இனி, தொடர்பில்லை என்று சொல்லிக் கடைசியில் எழுதினீர்களே, அதற்கு வருகிறேன். தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்தப் பந்திதான். களரியை விட்டு ஓடிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிற நீங்கள், அப்பாவுக்குத் தெரியாமல் அவருடைய கையோசையை நொடி நொடியாக வெட்டி ஒட்டி, அதற்குள் எத்தனை இரவுகள் இருந்திருக்கிறீர்கள்! களரியில் பக்கத்தில் இருந்து பழகியவனுக்குக்கூட அவருடைய அடி இவ்வளவு நெருக்கமாகத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானம் படித்தவர். அழிந்துபோன யாழின் சுரங்களை அவர் கணக்கு வழியாகத் தேடித்தான் 1947இல் யாழ் நூலைத் தந்தார். கருவியோடும் கணக்கோடும் பழைய இசைக்குப் பக்கத்தில் போவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல, அதை ஒளித்துச் செய்ய வேண்டியதும் இல்லை.

அந்த ட்ராக்கை அப்பா விரும்பாமலும் போகலாம். வேகத்தைக் குறைத்தது அவருக்குக் கேலியாகப் படலாம், அதற்கு நீங்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும். அவர் சம்மதிக்காமல் அதை இணையத்தில் போடவும் வேண்டாம். முற்றத்தில் தனக்காக அடித்தது அவருடையது. பின்னொரு நாள் அம்மன் கோயில் சடங்கில் உடுக்கையோ பறையையோ பதிவு செய்ய நினைத்தீர்களென்றால், அங்கே அனுமதி கேட்க வேண்டியவர்கள் இன்னும் பலர். அந்த ஓசைகளுக்கு ஊரில் நேரமும் முறையும் இருக்கின்றன.

தூக்கத்தைக் கவனியுங்கள். இரவு பத்து மணிக்குப் பிறகு ஹெட்செட் வேண்டாம், பாட்டுத் தேவையென்றால் போனிலேயே மெதுவாகப் போட்டு, அறைக் கதவைத் திறந்து வையுங்கள். இரண்டு கிழமைக்குப் பிறகும் மூன்று மணி வரை விழித்திருந்தீர்களென்றால், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் ஒருவரைப் பாருங்கள், அது உங்கள் கடைக்குப் பக்கத்தில்தான். பேச ஆள் வேண்டுமென்றால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

அப்பாவுக்குப் போட்டுக் காட்டும் நாளில் ஹெட்செட்டை அவர் காதில் மாட்டாதீர்கள். முற்றத்தில் அவர் பக்கத்தில் இருந்து, போனைத் திண்ணையில் வைத்துப் போடுங்கள். 2 நிமிடம் 12 செக்கன் ட்ராக் பிறகு இருக்கட்டும். இருமலும் நாய் குரைப்பும் வெட்டாமல் இருக்கிற முதல் பதிவு இன்னும் உங்களிடம் இருந்தால், அதை முதலில் போடுங்கள்.