இருமல் நின்றுவிட்டது, அப்புறமும் பரிசோதனையா?

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்குத் தண்ணீர் குடித்தாலே புரையேறும். சில நாட்களாக இருமலே இல்லை. ஆனால் குடித்ததும் குரல் கொழகொழவென்று ஈரமாகக் கேட்கிறது. சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சலும் வருகிறது. இருமல்தான் நின்றுவிட்டதே, விழுங்கும் பரிசோதனை அவசியமா மேடம்?

பதில்: இருமல் நின்றதால்தான் அவசியம். 'இப்போதெல்லாம் இருமுவதே இல்லை' என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை அதிகம். அப்பாவின் நுரையீரலை டாக்டரிடம் உடனே காட்டுங்கள். காய்ச்சலும் ஈரக்குரலும் சேர்ந்து வந்தால் தள்ளிப்போடக் கூடாது.

கழுத்தில் விரலை வைத்து எச்சில் விழுங்கிப் பாருங்கள். குரல்வளை மேலே எழும்பி இறங்கும். அந்த ஒரு விநாடிக்குள் மூச்சு நிற்கிறது, குரல்நாண்கள் மூடிக்கொள்கின்றன, மூச்சுப்பாதையின் மூடி கவிழ்கிறது. பக்கவாதத்தில் இந்த நேரக்கணக்கு பிசகிவிடும். தண்ணீர் வேகமாக ஓடுவதால் அதில்தான் முதலில் தடுமாறுவார்கள். தொண்டையின் உணர்ச்சியும் மழுங்கிவிட்டால், மூச்சுக்குழாய்க்குள் தண்ணீர் போவதே அவருக்குத் தெரியாது. பிறகு எங்கே இருமுவது?

பரிசோதனையில் நாங்கள் 1 முதல் 8 வரை ஓர் அளவுகோல் வைத்திருக்கிறோம். குரல்நாண்களைத் தாண்டி உள்ளே போனதை இருமி வெளியேற்றினால் 6, முயன்றும் வெளியேற்ற முடியாவிட்டால் 7. மிக மோசமான 8 யாருக்கு என்றால், உள்ளே போயும் சும்மா இருப்பவருக்கு!

படுக்கையருகே தண்ணீர் கொடுத்துப் பார்க்கும் சோதனையில், இருமாத இவர்கள் நம் கண்ணில் படாமலே தப்பிவிடலாம். அதனால்தான் எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் என்ற பொருள் கலந்த உணவு கொடுத்து எக்ஸ்ரே வீடியோ எடுக்கிறோம், அல்லது மூக்கு வழியாக மெல்லிய கேமராவை இறக்கிப் பார்க்கிறோம். எக்ஸ்ரேயில் வாயிலிருந்து உணவுக்குழாய் வரை முழுப் பயணமும் தெரியும். கேமராவில் விழுங்கும் அந்தக் கணம் மட்டும் திரை வெளுத்துவிடும். ஆனால் எச்சில் எங்கே தேங்குகிறது என்பது பளிச்சென்று தெரியும், கதிர்வீச்சும் கிடையாது.

இன்னொன்று. யாரோ சொன்னார்கள் என்று தண்ணீரைக் கெட்டியாக்கும் மாவை நீங்களாகவே வாங்கிக் கலக்க வேண்டாம். சிலருக்கு அது நல்ல உதவி. சிலருக்கோ தொண்டையிலேயே ஒட்டித் தங்கி, அப்புறம் மெதுவாக உள்ளே வழியும். சுவை பிடிக்காமல் குடிப்பதைக் குறைத்து, நீர்ச்சத்து வற்றிப்போகிறவர்களும் உண்டு. தாடையைத் தாழ்த்தி விழுங்குவதும் அப்படித்தான்: ஒருவரைக் காப்பாற்றும், இன்னொருவருக்குக் கெடுதலாகும். தொண்டையின் ஒரு பக்கம் மட்டும் பலவீனம் என்றால், அந்தப் பக்கம் தலையைத் திருப்பி விழுங்கச் சொல்வோம். உணவு பலமான பக்கமாக இறங்கும். எது பலிக்கிறது என்பதைத் திரையில் பார்த்துக்கொண்டே செய்துபார்க்கலாம். பரிசோதனையின் பாதிப் பலனே அதுதான். இருமல் வலுவில்லாதவர்களுக்கு, எதிர்ப்பு கொடுக்கும் சிறு கருவியில் பலமாக ஊதும் பயிற்சியும் உண்டு.

கேள்வி: அம்மாவுக்கு மூக்குக் குழாய் வழியாகத்தான் உணவு. வாயால் எதுவும் சாப்பிடுவதில்லை. பல் துலக்கிவிட வேண்டுமா?

பதில்: கட்டாயம், தினமும். குழாய் உணவை வயிற்றுக்குக் கொண்டுபோகும், எச்சிலைத் தடுக்காது. சுத்தம் செய்யாத வாயில் பெருகும் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குப் போகும். அம்மாவை நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து, மென்மையான பிரஷ்ஷில் மிகக் குறைந்த ஈரத்தோடு துலக்குங்கள். கொப்பளிக்கச் சொல்லாதீர்கள், ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். நாக்கையும் விட்டுவிடாதீர்கள்.