எக்ஸ்போர்ட் ஏறுது, கூலி ஏன் ஏறல?

கேள்வி: உலகமயமாக்கல் வந்தா ஏழை நாடுகள்ல ஏற்றத்தாழ்வு குறையும்னு படிச்சேன். இங்க எக்ஸ்போர்ட் கூடிட்டே போகுது, பனியன் கம்பெனில செக்கிங் பாக்குற என் கூலி மட்டும் அப்படியே நிக்குது. இதுல பிளஸ் டூ முடிச்ச பொண்ணையும் கம்பெனிக்கு அனுப்பச் சொல்றாங்க. என்ன பண்ண?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: நீங்க படிச்சது ஸ்டோல்பர், சாமுவேல்சன்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் 1941-ல எழுதினதுல இருந்து வந்த கணக்குங்க. ஆள்பலம் அதிகமா இருக்கிற நாடு வெளிய சரக்கு வித்தா உழைக்கிறவங்க கூலி ஏறும்னு நம்பினாங்க. நடந்தது வேற. 1980-கள் ஆரம்பத்துல இந்தியாவோட மொத்த வருமானத்துல மேல இருக்கிற 1 சதவீதம் பேருக்குப் போன பங்கு சுமார் 6 சதவீதம், 2022-23-ல அது 22.6 சதவீதம்னு உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் சொல்லுது.

ஏன்னு உங்க டேபிள்ல இருந்தே பாக்கலாம். 2005-ல துணி ஏற்றுமதி இவ்வளவுதான்னு வரம்பு வச்சிருந்த கோட்டா போச்சு, ஆர்டர் வந்துச்சு, ஆனா சரக்கு வாங்குற வெளிநாட்டு பையருக்கும் பங்களாதேஷ், வியட்நாம்னு கதவு தொறந்துருச்சு. அங்க கம்மிக்கு தர்றாங்கன்னு அவர் ரேட்ட குறைச்சா ஓனர் வெளிய செய்யக் குடுக்குற ஜாப் ஒர்க் ரேட்ட குறைப்பார், ஜாப் ஒர்க் எடுத்தவர் கான்ட்ராக்டர இறுக்குவார், கான்ட்ராக்டர் பீஸ் ரேட்ல கை வைப்பார், அதுக்குக் கீழ செக்கிங், கைமடி பாக்குற பொம்பளைங்கதான் இருக்கீங்க, உங்களுக்குக் கீழ தள்ளிவிட யாரும் இல்ல. அதே கம்பெனில இங்கிலீஷ்ல பையர்கிட்ட பேசுற மெர்ச்சண்டைசருக்கு சம்பளம் ஏறும், ஏன்னா அந்த மாதிரி ஆள் கிடைக்கிறது கஷ்டம்.

அதுக்காக வெளிநாட்டு வியாபாரமே வேண்டாம்னு சொல்லமாட்டேன். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீத வரி போட்டப்ப திருப்பூர் எப்படி திணறுச்சுன்னு உங்களுக்கே தெரியும். பிரேசிலும் உலகத்தோட வியாபாரம் பண்ண நாடுதான், 2000-க்கு அப்புறம் அங்க ஏற்றத்தாழ்வு குறைஞ்சுது, காரணம் அரசாங்கம் குறைந்தபட்ச கூலிய தொடர்ந்து ஏத்துச்சு, 2003-ல ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் தர்ற போல்சா ஃபமிலியா திட்டம் கொண்டுவந்துச்சு. நம்ம ஊர்லயும் கூலி ஒப்பந்தம் சங்கம் உக்காந்து பேசித்தான் வருது, செக்கிங் ஆளுங்களும் அந்த சங்கத்துல சேரணும், பிஎஃப், ஈஎஸ்ஐ பிடிக்கிறாங்களான்னு கேக்கணும்.

பொண்ண இப்ப கம்பெனிக்கு அனுப்பாதீங்க, தயவுசெஞ்சு. அரசுப் பள்ளில 6-ல இருந்து 12 வரைக்கும் படிச்சிருந்தா புதுமைப் பெண் திட்டத்துல காலேஜ் முடியுறவரை மாசம் 1,000 ரூபா வரும், காலேஜ்லயே விண்ணப்பிக்கலாம்.