இரவில் எரியும் பாதங்கள்: தூக்க மாத்திரை கேட்பதற்கு முன்

கேள்வி: எனக்கு வயது 57. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய், அதற்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டு வருடமாக இரண்டு பாதங்களிலும் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற வலி. பகலில் வேலையோடு வேலையாக ஓட்டிவிடுகிறேன், டாக்டர். ராத்திரி படுத்தால் போர்வை பட்டாலே உயிர் போகிறது. வலி மாத்திரை எதுவும் கேட்கவில்லை. நரம்பு வலிக்கென்று பிரிகாபாலின் கொடுத்தார்கள், தலைசுற்றல் தாங்காமல் நாலே நாளில் நிறுத்திவிட்டேன். மூன்று மணிக்கு முன்னால் கண் அசருவதில்லை. தூக்க மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

பதில்: தூக்க மாத்திரையில் ஆரம்பிக்க வேண்டாம். அது உங்கள் வலியைத் தொடாது. அதற்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றில் முதலாவது, நாலு நாளில் கைவிட்ட அந்த மருந்துக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுப்பது.

வலி மாத்திரை ஏன் கேட்கவில்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அடிபட்ட இடத்தில், வீங்கிய மூட்டில் வரும் வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் வேலை செய்யும். உங்களுக்குப் பாதத்தில் காயம் எதுவும் இல்லை. நீண்ட நாள் சர்க்கரையால் பழுதான நரம்பு, தூண்டுதலே இல்லாதபோதும் தானாக வலிச் செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கிறது. மென்மையான துணி பட்டதைக்கூடத் தண்டுவடம் வலியாக எடுத்துக்கொள்கிறது. 'போர்வை பட்டால் வலிக்குமா?' என்று வீட்டில் யாராவது கேட்டால், நரம்பு வலிக்கே உரிய அடையாளம் இது, பிரமை இல்லை என்று தயங்காமல் சொல்லுங்கள். கேட்காத மாத்திரையைத் தொடர்ந்து விழுங்குவதில் ஆபத்தும் உண்டு. சர்க்கரை உள்ளவர்களின் சிறுநீரகம் ஏற்கனவே பாரம் சுமப்பது, டைக்ளோஃபெனாக் அதை இன்னும் கெடுக்கும்.

இரவில் வலி கூடுவதும் உங்கள் கற்பனை இல்லை. தண்டுவடத்தில் வலிச் செய்தியை உள்ளே விடவும் தடுக்கவும் ஒரு வாயில் இருப்பதாக 1965இல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அந்த விளக்கத்தில் பிறகு பல திருத்தங்கள் வந்தாலும் அடிப்படை நிலைத்துவிட்டது. நடப்பது, பேசுவது, ஒரு வேலையில் மனம் ஊன்றுவது எல்லாம் அந்த வாயிலைச் சாத்தி வைக்கின்றன. விளக்கை அணைத்ததும் அவை அத்தனையும் நின்றுபோகின்றன. ஒரு ராத்திரி தூங்காவிட்டால் மறுநாள் வலி தாங்கும் சக்தியும் குறைகிறது. இப்படி ஒன்றையொன்று வளர்ப்பதால், வலி தீரட்டும், தூக்கம் தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் தனித்தனியாக வைத்தியம் வேண்டும்.

மருந்துக்கு வருகிறேன். பிரிகாபாலின் தொடங்கும்போது தலைசுற்றுவது சகஜம். பலருக்கு ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். சிறுநீரகப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, 25 மில்லிகிராம் அளவில் இரவு மட்டும் தொடங்கி மெதுவாக ஏற்றலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். பழைய மாத்திரை அட்டையில் மிச்சம் இருப்பதை நீங்களாக எடுத்துப் போடாதீர்கள். பகலில் தொல்லையாக இருக்கும் அதன் தூக்கக் கலக்கம் இரவில் உங்களுக்கு உதவியாகிவிடலாம்.

அது ஒத்துவராவிட்டால் அமிட்ரிப்டிலின் இருக்கிறது. 10 மில்லிகிராமில் தொடங்குவார்கள். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட்டால் காலையில் தலை பாரமாக இருப்பது குறையும். அட்டைப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் 'மனச்சோர்வுக்கு' என்று படித்துவிட்டு, எனக்கென்ன மனநோயா என்று கோபித்து நிறுத்திவிடுபவர்கள் உண்டு. மனச்சோர்வுக்குத் தேவையானதைவிட மிகக் குறைந்த அளவிலேயே அது நரம்பு வலிக்கு உதவும். வாய் வறளும், மலச்சிக்கல் வரலாம். கண் நீர் அழுத்தம், புரோஸ்டேட் வீக்கம், இதயத் துடிப்பில் கோளாறு இவற்றில் எது இருந்தாலும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். நரம்பு வலிக்கான மூன்றாவது மருந்தான டுலாக்ஸெடின் சிலருக்குத் தூக்கத்தைக் கலைக்கும் என்பதால் அதைக் காலையில் எடுப்பது நல்லது.

எந்த மருந்தானாலும் சரியான அளவுக்கு ஏற்றி 4 முதல் 8 வாரம் பார்க்காமல் 'கேட்கவில்லை' என்று முடிவுகட்ட முடியாது. சில வாரங்கள் எடுத்தபின் நிறுத்துவதாக இருந்தால் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். வலி அடியோடு போய்விடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பத்துக்கு எட்டு என்று இருந்தது ஐந்துக்கு இறங்கினால் அது நல்ல வெற்றி. ஐந்தோடு தூங்கலாம், எட்டோடு முடியாது.

போர்வைத் தொல்லைக்கு இன்று ராத்திரியே ஒரு வழி இருக்கிறது. இரண்டு பாதமும் தாராளமாக நுழையும் அகலத்தில் உறுதியான அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் வெட்டிவிடுங்கள். வெட்டிய பக்கம் உங்களைப் பார்க்கும்படி கால்மாட்டில் வைத்துப் பாதங்களை உள்ளே விட்டுக்கொண்டு, போர்வையைப் பெட்டியின் மேலாக இழுத்துப் போடுங்கள். துணியின் பாரமும் உரசலும் பெட்டியோடு நின்றுவிடும், கணுக்காலுக்கு மேல் கதகதப்பும் போகாது. சிலருக்கு இதற்கு நேர்மாறாக, உரசாமல் படிந்து நிற்கும் பருத்திக் காலுறை இதம் தரும். லேசான உரசலைத் தாங்காத நரம்பு சீரான அழுத்தத்தைத் தாங்குவதுண்டு. காலுறை இறுக்கித் தடம் பதிக்கக் கூடாது, அவ்வளவுதான். எரிச்சலுக்காகப் பனிக்கட்டியில் கால் வைப்பது, வெந்நீர்ப் பை ஒத்தடம் இரண்டும் வேண்டவே வேண்டாம். மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாது, தோல் வெந்து கொப்புளமான பிறகுதான் தெரியவரும்.

இனி தூக்கம். மாதக்கணக்கில் படுக்கையில் புரண்டவருக்கு, படுக்கையைப் பார்த்ததுமே உடம்பு விழித்துக்கொள்ளப் பழகிவிடும். வலி குறைந்த பிறகும் இந்தப் பழக்கம் மிஞ்சுகிறது. இதை மாற்றுவதற்கென்றே தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சை இருக்கிறது, நாள்பட்ட வலி உள்ளவர்களுக்கும் அது பலன் தருகிறது. ராத்திரி எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமையும் கூட. ஒன்பது மணிக்கே போய்ப் படுத்துக் காத்திருக்காதீர்கள், கண் சொருகிய பிறகு போங்கள். சுமார் 20 நிமிடம் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் நாற்காலியில் உட்காருங்கள். பாட்டுக் கேட்கலாம், துணி மடிக்கலாம், கைபேசி மட்டும் வேண்டாம். தூக்கம் சொக்கும்போது திரும்பப் படுங்கள். ஒரே ராத்திரியில் நாலைந்து முறை எழ வேண்டியிருந்தாலும் எழுங்கள். முதல் வாரம் பகலில் தள்ளாட்டமாக இருக்கும், வண்டி ஓட்டுவதில் கவனம் தேவை. இரண்டு மூன்று வாரத்தில் உடம்பு பிடிகொடுக்கத் தொடங்கும். இடையில் விட்டுவிடாதீர்கள் என்று உங்களை வற்புறுத்தியே கேட்டுக்கொள்கிறேன். சுவர்க் கடிகாரத்தைக் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பாருங்கள். பல வருடம் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு அது குறையலாம், குறைந்தால் இதே எரிச்சல் வரலாம், ஊசியோ மாத்திரையோ போட்டு அந்தக் குறையைச் சரிசெய்யலாம். ஆனால் 'நரம்புக்குச் சத்து' என்று பி6 அதிகமுள்ள மாத்திரைகளை மாதக்கணக்கில் தானாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். அளவு மீறிய பி6 நரம்பையே கெடுக்கும். மதுப்பழக்கம் இருந்தால் அதுவும் அப்படித்தான்.

தூக்க மாத்திரை விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம், பிரிகாபாலினோடு அது சேர்ந்தால் மூச்சு மந்தப்படலாம். குறட்டையும் மூச்சுத் திணறலும் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ராத்திரி சிறுநீர் கழிக்க எழும்போது, பாதத்தில் உணர்வு குறைந்தவர் மயக்கத்தில் விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். மற்ற வழிகளை முயன்ற பிறகும் தேவைப்பட்டால், சில நாட்களுக்கு மட்டும் டாக்டர் முடிவு செய்யட்டும்.

தினமும் படுக்கும் முன் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளம், வெடிப்பு, சீழ் தெரிந்தாலோ, ஒரு பாதம் மட்டும் திடீரென்று சிவந்து சூடாகி வீங்கினாலோ, வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். காலில் பலம் குறைவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழப்பது, இவற்றுக்கு விடியும்வரை காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.