ஆட்டோகேட் தெரிந்தவர் ஆட்டோகேட் மெக்கானிக்கலுக்கு மாற என்ன கற்க வேண்டும்?

கேள்வி: சாதா ஆட்டோகேடில் இரண்டு வருடம் டிராயிங் போட்டவர், மெஷின் பார்ட்ஸ் வரைய ஆட்டோகேட் மெக்கானிக்கலுக்கு மாறினால் எங்கே தொடங்குவது, எவ்வளவு நாள் ஆகும்?

தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு, மூன்று வாரம் போதும். புதிய கமாண்ட் கற்பதை விட பழைய பழக்கங்களை விடுவதுதான் கஷ்டம். சாதா ஆட்டோகேடில் போல்ட் என்பது நாலைந்து கோடுகள். இங்கே அது ஒரு பார்ட். அளவு, ஸ்டாண்டர்ட், எண்ணிக்கை எல்லாம் அதனுடனே வரும். எக்ஸ்ப்ளோட் செய்தால் (தனித்தனிக் கோடுகளாக உடைத்தால்) அத்தனையும் போய், மறுபடி வெறும் கோடுதான்.

2019 பதிப்பிலிருந்து இது முழு ஆட்டோகேட் சந்தாவோடு டூல்செட்டாகவே வருகிறது. வசதிகள் குறைந்த பதிப்பான ஆட்டோகேட் எல்டி வைத்திருப்பவர்களுக்குக் கிடையாது.

புதிய டிராயிங்கை ஐஎஸ்ஓ மெக்கானிக்கல் டெம்ப்ளேட்டில் திறங்கள். லேயர் மாற்றி மாற்றி வரைய வேண்டியதில்லை; டைமென்ஷன் ஏஎம்_5 என்ற லேயரிலும், சென்டர் லைன் ஏஎம்_7-லும், ஹேட்ச் ஏஎம்_8-லும் தானாகப் போய் உட்காரும். ஸ்டாண்டர்ட்டை மட்டும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். எம்10 ஹெக்ஸ் போல்ட்டின் தலை அகலம் (ஸ்பேனர் பிடிக்கும் அளவு) ஐஎஸ்ஓவில் 16 மிமீ, பழைய ஜெர்மன் ஸ்டாண்டர்டான டிஐஎன் 931-இல் 17. தப்பாக எடுத்தால் ஸ்பேனர் சுற்ற விட்ட இடம் பிசகும்.

பயிற்சிக்கு 6205 பேரிங் உட்காரும் ஒரு ஷாஃப்ட்டை எடுங்கள் (பேரிங்கின் உள் விட்டம் 25, வெளி விட்டம் 52, அகலம் 15 மிமீ). ஷாஃப்ட் ஜெனரேட்டரில் சென்டர் லைன் கொடுத்து, படிப்படியாக விட்டமும் நீளமும் அடித்துக்கொண்டே போகலாம். அதே டயலாக்கில் சேம்ஃபர், த்ரெட், பேரிங், கீ எல்லாம் இருக்கும். 25 மிமீ ஷாஃப்ட்டுக்கு 8 × 7 கீ (ஷாஃப்ட்டையும் அதில் மாட்டும் ஹப்பையும் சேர்த்துப் பிடிக்கும் கட்டை). கீ உட்காரும் பள்ளத்தின் ஆழம் ஷாஃப்ட்டில் 4, ஹப்பில் 3.3. இவற்றைக் கையால் வரைந்து பழகியவருக்கு முதல் நாளே இதன் அருமை புரியும்.

அடுத்தது அளவு போடும் கமாண்டான பவர் டைமென்ஷன். நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். பேரிங் இடத்துக்கு 25 கே6 (கே6 என்பது டாலரன்ஸ் குறியீடு) என்று ஃபிட் கட்டத்தில் தேர்ந்தெடுத்தால் +0.015 / +0.002 என்ற டாலரன்ஸ் தானாக வரும். பழைய பழக்கத்தில் டெக்ஸ்ட் ஓவர்ரைடில் “கே6” என்று டைப் அடித்தால் பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஆனால் ஃபிட்ஸ் லிஸ்ட் (டிராயிங்கில் உள்ள ஃபிட்களின் பட்டியல்) போடும்போது அந்த வரி அதில் வராது. பின்னால் விட்டத்தை 30 ஆக்கினாலும் உங்கள் எழுத்து அசையாது.

போல்ட்டுக்கு ஸ்க்ரூ கனெக்‌ஷன். எம்10 என்றால், 12 + 12 மிமீ பிளேட், இரு பக்கமும் 2 மிமீ வாஷர், 8.4 மிமீ நட்: கூட்டினால் 36.4. நட்டுக்கு வெளியே இரண்டு த்ரெட்டாவது (3 மிமீ) தெரிய வேண்டுமென்றால் 39.4, ஆக 40 மிமீ போல்ட். ஓட்டையும் கூடவே வரும், பின்னால் மறைய வேண்டிய கோடுகளும் மறையும். அந்தக் கோடுகளைத் தயவுசெய்து ட்ரிம் செய்யாதீர்கள். போல்ட் வேண்டாமென்றால் சாதா எரேஸ் இல்லாமல் பவர் எரேஸ் போட்டால் பிளேட் பழையபடி முழுசாகத் திரும்பும்.

பலூனில் (பார்ட்டைச் சுட்டும் வட்டத்தில்) வரும் எண்ணும் பார்ட்ஸ் லிஸ்ட்டும் பார்ட் ரெஃபரன்ஸிலிருந்து, அதாவது பார்ட்டின் விவரம் தாங்கிய குறியிலிருந்து, வருபவை. நீங்களே வரைந்த பார்ட்டுக்கு நீங்கள்தான் அதை வைக்க வேண்டும். அதே பார்ட் மறுபடி வரும் இடத்தில் ‘ரெஃபரன்ஸ்’ ஆப்ஷன் எடுத்தால் எண்ணிக்கை ஏறும். ‘காப்பி’ எடுத்தால் புதிய பார்ட்டாகத் தனி வரி விழும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஒரே போல்ட்டைப் பக்கவாட்டுத் தோற்றத்திலும் ஸ்டாண்டர்ட் பார்ட்டாக வைத்தால், 4 போல்ட் லிஸ்ட்டில் 8 ஆகலாம். பர்ச்சேஸுக்கு அனுப்பும் முன் பார்ட்ஸ் லிஸ்ட்டின் எண்ணிக்கையை டிராயிங்கில் விரல் வைத்து எண்ணிப் பாருங்கள்.

ஃபைலை வெளியே கொடுக்கும்போது, எதிரே இருப்பவரிடம் மெக்கானிக்கல் இல்லையென்றால் அவருக்கு இந்த பார்ட்டுகள் ப்ராக்ஸி ஆப்ஜெக்டுகளாக (வெறும் பதிலி உருவமாக) தெரியும், திருத்த முடியாது. சேவ் செய்யும் முன், அந்த உருவத்தையும் ஃபைலில் சேமிக்கும் ப்ராக்ஸிகிராஃபிக்ஸ் என்ற செட்டிங் 1-இல் இருக்கட்டும், கூடவே ஒரு பிடிஎஃப் அனுப்புங்கள். அவர் கோடாகவே கேட்டால் நகல் எடுத்து அதை எக்ஸ்ப்ளோட் செய்து கொடுங்கள், மூல ஃபைலை அல்ல.