240 பேரில் 11 பேர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்களுடையது திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கடைமடை ஊர். மேட்டூர் திறந்து ஒரு மாதம் ஆனாலும் எங்கள் வாய்க்காலில் கணுக்கால் நனையத் தண்ணீர் வருவதில்லை. தூர் வாரியதாகக் கணக்கு இருக்கிறது. வாய்க்காலில் இருப்பது கோரையும் ஆகாயத்தாமரையும்தான். இதற்காக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். 240 பேர் இருக்கிறார்கள், தினமும் கொதிக்கிறார்கள். கூட்டம் போட்டால் வந்தது 11 பேர். இதே மண்ணில் பண்ணையாட்கள் மிராசுதார்களையே எதிர்த்து நின்றிருக்கிறார்கள். இன்று ஏன் யாரும் வருவதில்லை? சனங்கள் சுயநலமாகிவிட்டார்களா? கட்சிக்காரர்களைக் கூப்பிடலாமா?

– ம., திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள ம.,

சுயநலம் என்று முடிவு கட்டிவிட்டால் அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. 11 அப்படியொன்றும் மோசமான எண்ணிக்கையும் அல்ல. 1983-ல் நெதர்லாந்தில் நடந்த ஏவுகணை எதிர்ப்புப் பேரணியை ஒட்டி, கிளாண்டர்மன்ஸ், ஊகெமா என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் ஊரில் கணக்கெடுத்தார்கள். கோரிக்கையை ஆதரித்தவர்கள் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர். பேரணிக்குப் போனவர்கள் நூற்றுக்கு நாலு பேர். உங்கள் கணக்கும் அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. ஒருவர் கூட்டத்துக்கு வர வேண்டுமானால் ஆதரவு இருக்க வேண்டும், செய்தி போய்ச் சேர வேண்டும், நாம் போக வேண்டும் என்று தோன்ற வேண்டும், போக முடிகிற நாளாகவும் இருக்க வேண்டும். இந்த நாலில் முதல் இரண்டை வாட்ஸ்அப் செய்துவிட்டது. மற்ற இரண்டை அதனால் செய்ய முடியாது.

ஏன் முடியாது? 1964-ல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் வேலைக்கு மாணவர்கள் விண்ணப்பித்தார்கள். உயிருக்கே ஆபத்தான வேலை. டக் மெக்காடம் என்ற சமூகவியலாளர் பின்னாளில் அந்த விண்ணப்பங்களைத் தேடியெடுத்து, போனவர்களையும் கடைசி நேரத்தில் பின்வாங்கியவர்களையும் ஒப்பிட்டார். கொள்கைப் பிடிப்பில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. போனவர்களுக்குக் கூடவே கிளம்பிய நண்பர்கள் அதிகம் இருந்தார்கள், அவ்வளவுதான். 240 பேருக்குப் பொதுவாகப் போட்ட செய்தி யாரையும் கூப்பிட்டதாகாது. மாமன் மகன் வாசலில் வந்து நின்று "வர்றியா?" என்றால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் கூட்டத்துக்கு வராதவன் வயலிலும் பாயும். அப்படியிருக்க எதற்குப் போவது என்பது சோம்பேறித்தனம் இல்லை, கணக்கு. மன்கூர் ஆல்சன் என்ற பொருளியலாளர் 1965-லேயே இதை எழுதினார். அவர் சொன்ன வழிகளில் ஒன்று, ஆள் வராதது கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குழுவைச் சிறியதாக்குவது. அதனால் ஊரை ஒரே கூட்டமாகக் கூட்டாதீர்கள். ஒரே மதகில் பாயும் நிலக்காரர்களை ஒரு குழுவாகப் பிரியுங்கள். பத்துப் பதினைந்து வீடு தேறும். யார் வயலுக்கு எவ்வளவு பாய்கிறது என்று ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். ஒரு குழுவுக்கு ஒருவர் பொறுப்பு. அவர் வீட்டுக்கு நேரில் போக வேண்டும். முதல் நாள் ஒரு முறை, அன்று காலை ஒரு முறை. இரண்டாவது முறையை விட்டுவிட்டால் பலர் நழுவிவிடுவார்கள்.

பண்ணையாட்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1943-ல் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் கீழத்தஞ்சைக்கு வந்து தென்பரையில் விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார். ஒரே தெருவில் குடியிருந்து ஒரே வயலில் இறங்கியவர்களைத் தேடி, சங்கம் சேரிக்குள் போனது. முன்னால் வைத்த கோரிக்கைகளில் சாட்டையடியும் சாணிப்பாலும் (சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் தண்டனை) நிற்க வேண்டும் என்பது முக்கியம். 1944-ல் மன்னார்குடி ஒப்பந்தத்தில் அதற்கு முடிவு வந்தது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வர 1952 ஆயிற்று. அடி நின்றதா இல்லையா என்பதை மறுநாள் காலையிலேயே பார்த்துவிடலாம் என்பதைக் கவனியுங்கள். முதல் கோரிக்கை இப்படிக் கண்ணால் பார்த்து முடிவு சொல்லக்கூடியதாக இருந்தால்தான் அடுத்ததற்கு ஆள் நிற்கும். அவர்கள் பயம் இல்லாதவர்கள் என்று மட்டும் நினைக்க வேண்டாம். பயத்துக்குக் காரணம் இருந்தது. கூலி உயர்வுப் போராட்டம் 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 உயிர்களைக் கொண்டுபோனது.

காவிரி உரிமை, அணை, டெல்லி என்று பதினான்கு தீர்மானம் போடாதீர்கள். "இந்தத் தலைப்பிலிருந்து இந்தப் பாலம் வரை இந்த வாய்க்கால் மே மாத முடிவுக்குள் தூர் வாரப்பட வேண்டும்." அவ்வளவு போதும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, நீர்வளத்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். சென்ற ஆண்டு எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை வாரினார்கள், மதிப்பீடு எவ்வளவு, எம்-புக் (செய்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு) நகல், இந்த மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாய்க்காலில் நடந்தால், அதுவே ஒரு கூட்டம்.

நாள் பார்ப்பது பெரிய விஷயம். ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்த பிறகு கத்திப் பயனில்லை, தண்ணீர் ஓடும் வாய்க்காலில் பொக்லைன் இறங்காது. விதைப்பு வாரத்திலும் நடவு வாரத்திலும் கூப்பிட்டால் வராதவனைக் குறை சொல்ல முடியாது. அறுவடை முடிந்த மார்ச், ஏப்ரல்தான் உங்களுக்கான காலம்.

எல்லோரிடமும் ஒரே வேலையைக் கேட்கவும் வேண்டாம். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்கப் போனபோது, தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் அறிவித்தார். வழியில் மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. நடந்தவர்கள் நூறு பேர் அளவில்தான். ஆனால் நடக்க முடியாதவர்களுக்கும் ஒரு வேலை கிடைத்தது. உங்கள் ஊரிலும் மனுவில் கையெழுத்துப் போட மட்டும் ஒருவர், போட்டோ எடுக்க ஒருவர், மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஆட்சியர் அலுவலகம் வரை வர ஐந்து பேர் என்று பிரித்துக் கொடுங்கள்.

கெட்டுப்போகிற இடங்கள் சில உண்டு. கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தால் ஊரில் ஒரு பாதி வராது, ஏன் என்று உங்களுக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் வையுங்கள். நிலமில்லாத கூலிக்காரர்கள் தூர் வாரக் கேட்டு வருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். நேரடி விதைப்பும் அறுவடை இயந்திரமும் வந்த பிறகு உங்கள் விளைச்சலோடு அவர்கள் பிழைப்புக்கு இருந்த கட்டு தளர்ந்துவிட்டது. கூலியையும் 100 நாள் வேலையையும் நீங்கள் சேர்த்துப் பேசினால் வருவார்கள். பிறகு, மேல் ஊர்க்காரன் மதகை அடைக்கப் போகாதீர்கள். அன்றோடு சண்டை ஊருக்கும் ஊருக்கும் என்றாகிவிடும், அதிகாரி ஒதுங்கி நின்று வேடிக்கை பார்ப்பார். முறை வைத்துத் தண்ணீர் விடச் சொல்லி அவர்களையும் சேர்த்துக் கேளுங்கள்.

கட்சிக்காரர்களைப் பற்றி: வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒரு கட்சியை மட்டும் கூப்பிட்டால் மற்றக் கட்சிக்காரர் வீடுகள் அன்றே விலகும். எல்லோரையும் கூப்பிடுங்கள், கொடி இல்லாமல் வரச் சொல்லுங்கள். மைக்கை மதகுப் பொறுப்பாளர்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வசூல் கணக்கை வாரம் ஒரு முறை அதே வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள், அந்த 240 பேருக்கும் அது ஒரு வேலை.