மிச்சம் வைத்தவள் தங்கை

கேள்வி: அடுத்த மாதம் ஸ்ட்ராஸ்பூர் போகிறோம். ஜெர்மன் கவிஞர் கதேயின் காதலி ஃப்ரீடரிகே வாழ்ந்த செசென்ஹைம் பக்கத்தில்தான் இருக்கிறதாம். அரை நாள் போதுமா? பார்க்க என்ன மிச்சம் இருக்கிறது? அவளுக்குக் குழந்தை பிறந்ததாகவும் எங்கோ படித்தேனே, உண்மையா?
– வாசகர் ஒருவர், பாரிஸ்

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தக் குழந்தைக் கதைக்கு நான் இந்தப் பக்கத்தில் இடம் கொடுக்க மாட்டேன். 1822இல் பான் நகரப் பேராசிரியர் நேக்கே என்பவர் செசென்ஹைமுக்கு யாத்திரை போல ஒரு பயணம் போய், அங்கே கேட்ட ஊர்ப்பேச்சையும் சேர்த்து எழுதிவைத்தார். அந்த நூற்றாண்டு முடிகிற வரைக்கும் அவளுடைய ஒழுக்கத்தைப் பற்றி ஆண்கள் இரண்டு கட்சியாக நின்று புத்தகம் போட்டுச் சண்டை பிடித்தார்கள். அவள் 1813லேயே செத்துப்போனவள். பதில் சொல்ல ஆளில்லாத ஒருத்தியின் படுக்கையறையை ஆராய்ச்சி என்ற பெயரில் துழாவுகிறவர்களோடு எனக்கு ரொம்ப நாளாகவே சண்டை, நம்மூர் எழுத்தாளர்களின் மனைவிமாரைப் பற்றி இப்படி எழுதுகிறவர்களோடும் சேர்த்துத்தான்.

சரி, மிச்சத்துக்கு வருவோம். நல்ல கேள்வி அது.

ஊர் ஸ்ட்ராஸ்பூருக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர், ரயில் நிற்கும். ஃப்ரீடரிகேயின் அப்பா அந்த ஊர்ப் பாதிரியார், கதே தங்கிய அவர் வீடு இன்று இல்லை. அதன் களஞ்சியக் கொட்டகை நிற்கிறது, மரச்சட்டமும் மண்சுவருமாக. தேவாலயச் சுவரில் ஃப்ரீடரிகேயின் பெற்றோருடைய கல்லறைக் கற்கள் உண்டு. பழைய காவல் கூடம் ஒன்றைக் கதே நினைவகம் ஆக்கியிருக்கிறார்கள். கண்ணால் பார்க்க இவ்வளவுதான், மெதுவாக நடந்தாலும் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். ஆனால் போவதற்கு முன்னால் கதேயின் சுயசரிதையில் பத்தாவது, பதினோராவது பகுதிகளைப் படித்துவிட்டுப் போங்கள். படிக்காமல் போனால் அந்தக் கொட்டகை வெறும் கொட்டகைதான்.

அந்தப் பக்கங்களில் இருக்கிற வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1770 அக்டோபர், கதேக்கு 21 வயது, ஸ்ட்ராஸ்பூரில் சட்டம் படிக்கிறார், பணக்கார வீட்டுப் பிள்ளை. நண்பன் வைலாண்ட் பாதிரியார் ப்ரியோன் வீட்டுக்குக் கூப்பிட, இவர் ஏழை இறையியல் மாணவன் மாதிரி வேஷம் கட்டிக்கொள்கிறார், பழைய உடுப்பு, ஒரு தினுசாக வாரிய தலை. கொஞ்ச நேரம் எல்லோரையும் ஏமாற்றிச் சிரிக்கலாம் என்று போனால், ஃப்ரீடரிகே உள்ளே வருகிறாள், வெள்ளைப் பாவாடை, கறுப்பு ஏப்ரன், கையில் வைக்கோல் தொப்பி. ஆள் காலி. மறுநாள் காலையில் அந்த அசிங்கமான உடுப்பைத் திரும்பப் போட்டுக்கொள்ளக் கூசி, ஊருக்கு ஓடி நல்ல உடை மாற்றி வரலாம் என்று குதிரையேறுகிறார். வழியில் ட்ரூசன்ஹைம் சத்திரக்காரர் மகன் கண்ணில் படுகிறான், ஏறக்குறைய அதே உடல்வாகு, நேர்த்தியான உடை. அவனுடைய துணிமணியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, தக்கையைப் பொசுக்கிப் புருவத்துக்குக் கறுப்புப் பூசி, பாதிரியார் மனைவிக்குப் போய்ச்சேர வேண்டிய ஞானஸ்நான விருந்துக் கேக்கையும் கையில் ஏந்திக்கொண்டு அதே வீட்டுக்குத் திரும்ப வருகிறார்! முதல் வேஷத்தை மறைக்க இரண்டாவது வேஷம். குட்டு உடைந்ததும் அக்காக்காரி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். ஐரோப்பாவே கொண்டாடப்போகிற கவிஞர் கேக் சுமந்து நிற்கிற இந்தக் கட்டத்தை எப்போது படித்தாலும் எனக்கு அவரைப் பிடித்துப்போகும்.

பிடித்துப்போகிறது என்பதற்காக நம்பிவிட முடியுமா? இதை அவர் எழுதியது நாற்பது வருடம் கழித்து. கோல்ட்ஸ்மித் எழுதிய ஒரு பாதிரியார் குடும்பத்து நாவல் அப்போது அவர் மனதில் ஊறிக்கிடந்தது. அதனால் ப்ரியோன் வீட்டு அக்காவுக்கு அந்த நாவலிலிருந்து ஒலிவியா என்ற பெயரைச் சூட்டினார், தம்பிக்கு மோசஸ் என்று. நாவலில் பெண்கள் இரண்டே பேர் என்பதால் இங்கேயும் வீட்டில் இரண்டு பெண்களைத்தான் காட்டுகிறார். சோஃபி என்ற கடைசித் தங்கை, அப்போது பதினான்கு வயதுச் சிறுமி, அந்தக் கதைக்குள் வரவே இல்லை.

மிச்சம் வைத்தது அந்த சோஃபிதான் ஐயா. 1771 ஆகஸ்டில் கதே படிப்பை முடித்து ஊரைவிட்டுப் போனார், அப்புறம் கடிதத்தில் உறவை முறித்துக்கொண்டார். அடுத்த வருடமே லென்ஸ் என்ற இன்னொரு கவிஞர் வந்து அதே பெண்ணைத் துரத்திக் கவிதை எழுதினார். ஃப்ரீடரிகே யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. பெற்றோர் இறந்த பிறகு சோஃபியும் அவளும் ரோட்டா என்ற ஊருக்குத் தம்பியிடம் போய், சின்னக் கடை வைத்துப் பிழைத்தார்கள். இதெல்லாம் முடிந்து, கதேயும் செத்து மூன்று வருடமான பிறகு, 1835இல் ஹைன்ரிஷ் க்ரூஸே என்கிற மாணவர் கிழவி சோஃபியைத் தேடிப் போனார். அவள் காட்டிய தாள்களிலிருந்து பத்துக் கவிதைகளைப் படியெடுத்தார். செசென்ஹைம் பாடல்கள் என்று இன்று சொல்லப்படுபவை பெரும்பாலும் அந்தப் படிதான். அதிலே எது கதேயுடையது, எது லென்ஸுடையது என்று அறிஞர்கள் நெடுங்காலம் அடித்துக்கொண்டார்கள்.

கவிதைகளை வைத்திருந்தவள் கதேயின் காதல் கடிதங்களை மட்டும் எரித்துவிட்டாள். இலக்கியத்துக்குப் பேரிழப்பு என்று எழுதியவர்கள் உண்டு. நான் அந்தப் பக்கம் இல்லை. அக்காவுக்கு என்ன நடந்தது என்று நெடுங்காலம் கூடவே இருந்து பார்த்தவள் அவள், அதை எரிக்க அவளுக்கு உரிமை இருந்தது.

இன்னொன்று. இரவில் குதிரையேறிக் காதலியிடம் பாய்ந்து போகிற ‘வரவேற்பும் விடைபெறலும்’ என்ற கதேயின் புகழ்பெற்ற கவிதை 1775இல் முதலில் அச்சானபோது, முடிவில் போகிறவள் அவள், ஈரக் கண்ணோடு பார்த்து நிற்கிறவர் கவிஞர். 1789 பதிப்பில் கதே அதை மாற்றிவிட்டார், கவிஞர் போகிறார், அவள் ஈரக் கண்ணோடு நிற்கிறாள். பிரிந்து பதினெட்டு வருடம் கழித்துத்தான் கவிதை நடந்ததைச் சொன்னது. இந்த ஒரு திருத்தத்துக்காக அவரை நான் மதிக்கிறேன், சுயசரிதையின் அத்தனை அழகான பக்கங்களையும் விட அதிகமாகவே.

அரை நாள் செசென்ஹைமுக்குப் போதும். மீதி அரை நாளில் ரைனைத் தாண்டி ஜெர்மனிப் பக்கம் மைசன்ஹைம் போய் ஃப்ரீடரிகேயின் கல்லறையைப் பாருங்கள். 1866இல் வைத்த கல், கவிச்சூரியனின் ஒரு கதிர் பட்டதால் அவளுக்கு அமரத்துவம் கிடைத்தது என்று அதில் பாட்டெழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த வரிகள் மேல் கோபம்தான். அவள் என்னவோ வெளிச்சத்துக்காகக் காத்துக்கிடந்த மாதிரி! சோஃபி 1838இல் நீடர்ப்ரோனில் இறந்தாள். அதுவும் செசென்ஹைம் இருக்கிற அல்சாஸ் பகுதிதான், அங்கிருந்து தூரமில்லை. இன்னொரு நாள் கையில் இருந்தால் அங்கேயும் போய் வாருங்கள்.